தொலைவில் ரசாயனம் கொட்டினால் நம் வீட்டுக் குழாய்க்கு என்ன ஆகும்? கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் ரசாயன லோரி கவிழ்ந்தது, எங்கோ ஓர் ஆற்றில் மீன்கள் செத்து மிதக்கின்றன என்ற செய்தி புலனக் குழுவில் வந்து விழுந்ததும், பக்கத்துக் கடையில் தண்ணீர்ப் போத்தல்கள் காலியாகிவிடுவது கோலாலம்பூரில் அடிக்கடி நடப்பதுதான். இந்நகருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களில் சிலர் அந்தச் செய்தியைக் கண்டு மிரண்டுபோய்க் குழாயையே தொடாமல் இருக்கிறார்கள். வேறு சிலர், அது நமக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தானே என்று விட்டுவிட்டு, மறுநாள் காலையில் சொட்டு நீரும் இல்லாமல் நிற்கிறார்கள். இரண்டுமே தேவையற்றவை. தொலைவில் சிந்திய ரசாயனம் நம் குடிநீரைத் தொடுமா என்பதைச் சில கேள்விகளால் நாமே ஓரளவு கணித்துவிட முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரைப் பொறுத்தவரை, ஆற்றில் கலந்த ரசாயனம் நம் வீட்டை வந்தடையும் வடிவம் பெரும்பாலும் நஞ்சு கலந்த நீர் அன்று, வறண்ட குழாய்தான். ஆற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தெரிந்தவுடன் நீர் எடுப்பதை நிறுத்திவிடுவதே இங்குள்ள நடைமுறை. ஆகவே நம் தயாரிப்பில் முக்கால் பங்கு நீர்த்தடைக்கானதாகவும், கால் பங்கு மட்டும் கெட்ட நீருக்கானதாகவும் இருந்தால் போதும்.

முதல் படி: உங்கள் குழாய்க்கு எந்த ஆறு நீர் தருகிறது?

மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் இடத்தை ரயிலிலிருந்து பார்த்துவிட்டு, இந்தக் கலங்கல் நீரைத்தான் நாம் குடிக்கிறோமா என்று கேட்காத புதியவர் குறைவு. நகரின் நடுவே ஓடும் அந்தப் பகுதியிலிருந்து நம் குழாய்க்கு நீர் எடுப்பதில்லை. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய மூன்றுக்கும் குடிநீர் வழங்குவது ஆயர் சிலாங்கூர் நிறுவனம். அது வழங்கும் நீரில் பாதிக்கும் மேற்பட்டது வடக்கே ஓடும் சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. கோலகுபு பாருவை ஒட்டிய மலைகளிலிருந்து இறங்கிவரும் அந்த ஆற்றின் நீர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்திலும் ரந்தாவ் பாஞ்சாங்கிலும் உள்ள நிலையங்களில் சுத்திகரிக்கப்பட்டு, நீண்ட குழாய்களின் வழியே நகருக்கு வந்து சேர்கிறது. தெற்கிலும் தென்கிழக்கிலும் இருப்பவர்களுக்கு லங்காட் ஆறும் செமினி ஆறும் நீர் தருகின்றன. 1958ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணையின் நீர் புக்கிட் நானாஸ் நிலையத்துக்கு வருகிறது. அந்த அணைக்கு மேலே இருப்பது பெரும்பாலும் காடு என்பதால், ரசாயனக் கசிவைப் பற்றிய கவலை அங்கே மற்ற இடங்களைவிடக் குறைவு.

உங்கள் வட்டாரத்துக்கு எந்த நிலையம் நீர் வழங்குகிறது என்பதை ஆயர் சிலாங்கூரின் 15300 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் தங்கள் நிர்வாக அலுவலகத்திலும் கேட்கலாம். தெரிந்ததும் நிலையத்தின் பெயரையும் ஆற்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். நிலையங்களுக்கு இடையே நீரைத் திருப்பிவிடும் வசதி ஓரளவு இருப்பதால், ஒரே தெருவுக்கு வெவ்வேறு நாளில் வெவ்வேறு நிலையத்தின் நீர் வரக்கூடும். அப்படியிருந்தும், முதன்மையான மூலம் எது என்று தெரிந்திருந்தால் பாதி வதந்திகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

இரண்டாம் படி: நீர் எந்தப் பக்கம் வழிகிறது என்று பாருங்கள்

இடத்தின் பெயர் தெரிந்தவுடன் அது எத்தனை கிலோமீட்டர் என்று அளக்கத்தான் நமக்குத் தோன்றும். நீருக்கோ தூரம் ஒரு பொருட்டில்லை, சரிவுதான் கணக்கு. சிந்திய இடம் நம் ஆற்றின் வடிநிலத்துக்குள் (மழைநீர் வழிந்து அந்த ஆற்றில் சேரும் நிலப்பரப்புக்குள்) இருக்கிறதா, இருந்தால் நீர் எடுக்கும் இடத்துக்கு மேலா கீழா என்ற இரண்டு கேள்விகளே முடிவைத் தரும். எடுக்கும் இடத்துக்குக் கீழே சிந்தியது கடலுக்குத்தான் போகும். மேலே சிந்தியது, ஒரு சிற்றோடைக்குள் விழுந்திருந்தாலும், நம்மைத் தேடி வரும்.

இதற்கு இரண்டு உதாரணங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. நாடே அதிர்ந்த அந்த நிகழ்வால் கோலாலம்பூரின் குடிநீருக்கு எந்த மாற்றமும் ஏற்படவில்லை, ஏனென்றால் அந்த ஆற்றுக்கும் நம் ஆறுகளுக்கும் தொடர்பே கிடையாது. அங்குள்ளவர்களைத் தாக்கியதும் முக்கியமாகக் காற்றில் பரவிய நச்சாவிதான். மாறாக, 2020 செப்டம்பர் 3ஆம் தேதி ரவாங்கில் கோங் ஆறு என்ற சிறிய ஓடையில் கழிவு கலந்தது. அந்த ஓடை செம்பா ஆற்றில் சேர்கிறது, செம்பா ஆறு சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. விளைவாக நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் ஒருசேர மூடப்பட்டு, ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றது. கோங் ஆற்றின் பெயரையே அதுவரை கேள்விப்படாத கிள்ளான் மக்களும் பிரிக்ஃபீல்ட்ஸ் மக்களும் வாளியோடு வரிசையில் நின்றார்கள்.

மாநில எல்லையும் நம்மைக் காக்காது. நெகிரி செம்பிலானின் நீலாய் வட்டாரத்தில் ஓடும் பாத்தாங் பெனார் ஆற்று நீர் செமினி ஆற்றுக்கு வந்து சேர்வதால், அங்குள்ள தொழிற்பேட்டையில் நடக்கும் தவறு சிலாங்கூரின் நிலையத்தை நிறுத்திவிடுகிறது. இதைவிட வியப்பானது பகாங் தொடர்பு. தித்திவாங்சா மலைத்தொடருக்குக் கிழக்கே விழும் மழை இயல்பாகத் தென்சீனக் கடலுக்குப் போக வேண்டியது. ஆனால் மலைத்தொடரைக் குடைந்து அமைக்கப்பட்ட 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கவழி, பகாங்கின் செமந்தான் ஆற்று நீரை உலு லங்காட்டுக்குக் கொண்டுவந்து லங்காட் 2 நிலையத்தில் சேர்க்கிறது. அதனால் கோலாலம்பூரில் அந்த நிலையத்தின் நீரைப் பெறுபவர்கள் பெந்தோங், காராக் பக்கத்துச் செய்திகளையும் சற்றுக் கவனித்து வாசிப்பது நல்லது. வரைபடத்தில் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் நமக்கு அந்நியம் என்ற பழைய கணக்கு இந்தச் சுரங்கத்தோடு முடிந்துவிட்டது.

மூன்றாம் படி: கொட்டியது என்ன, எப்போது வந்து சேரும்?

ஆறு நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் ஏறக்குறைய 43 கிலோமீட்டர் கடக்கும். மழை பெய்து ஆறு பெருகினால் வேகம் கூடும், அதே நேரத்தில் ரசாயனத்தின் செறிவு குறையும். வறண்ட மாதங்களில் வருகை தாமதமானாலும் செறிவு கூடுதலாக இருக்கும். ஆகவே செய்தி வந்த நாளிலேயே குழாய் நிற்க வேண்டும் என்பதில்லை. சீனாவில் 2005 நவம்பர் 13ஆம் தேதி ஜிலின் நகரத் தொழிற்சாலை வெடிப்பில் சுங்ஹுவா ஆற்றில் கலந்த பென்சீன், பல நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹார்பின் நகரை எட்டப் பத்து நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த நகருக்கு நான்கு நாள் நீர் நிறுத்தப்பட்டது. நம் ஆறுகள் அவ்வளவு நீளமானவை அல்ல. இங்கே எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரத்தை நாள்களில் எண்ண முடியாது, மணிகளில்தான் எண்ண வேண்டும்.

பொருளின் தன்மையும் முக்கியம். டீசல் நீரின் மேல் மிதக்கும் என்பதால் மிதவைத் தடுப்புகளைக் கட்டி ஒரு பகுதியை அள்ளிவிடலாம். அப்படியிருந்தும் 2019 ஜூலையில் சிலாங்கூர் ஆற்றில் கலந்த டீசலால் நிலையங்கள் மூடப்பட்டன. பெயிண்ட் கரைப்பான் போன்றவை ஓரளவு ஆவியாகும், ஓரளவு கரைந்தே வரும். அமோனியா பார்வைக்குத் தெரியாது, ஆனால் கிருமி நீக்கப் போடும் குளோரினைத் தின்றுவிடும். நம் நாட்டுத் தரநிலை ஆற்று நீருக்கு விதித்திருக்கும் அமோனியா வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். லங்காட் ஆற்று நிலையங்கள் நின்ற செய்திகளில் அமோனியா என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம்.

நிலையத்துக்குள் நடப்பது

இந்தப் பகுதியில் சற்று நின்று விளக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம்மவர்களின் பெரும்பாலான அச்சங்களும் அளவுமீறிய நம்பிக்கைகளும் இங்கேதான் தொடங்குகின்றன. வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் முதலில் படிகாரம் சேர்த்துக் கலங்கலைத் திரட்டுகிறது, திரண்டதை அடியில் படியவிடுகிறது, மீதியை மணற்படுகையில் வடிகட்டுகிறது, பிறகு குளோரின் சேர்த்துக் கிருமிகளைக் கொல்கிறது. மண்ணையும் கிருமியையும் எதிர்கொள்ள இது மிகச் சிறந்த ஏற்பாடு. கரைந்துவிட்ட கரைப்பானோ எண்ணெயோ இந்த வலையில் சிக்காமல் நழுவிவிடும். சில பொருள்கள் குளோரினோடு சேர்ந்து இன்னும் மோசமாவதும் உண்டு. பினால் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்த நீரில் குளோரின் சேர்ந்தால், மிகச் சொற்ப அளவிலேயே, குடிக்க முடியாத மருந்து வாடை வந்துவிடும். தூளாக்கிய செயல்படு கரியைத் தூவிச் சிறிய அளவு மாசை ஈர்த்துக்கொள்ளலாம் என்றாலும், பெரிய கசிவுக்கு முன் அதுவும் போதாது. ஆகவே மூடுவதுதான் பொறுப்பான முடிவு. நீரை நிறுத்திவிட்டார்களே என்று நாம் எரிச்சலடையும் நேரத்தில்தான், உண்மையில் அமைப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

வாடை அளவு என்று அறிவிப்புகளில் வரும் எண்ணையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையில் நீரை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, மூடியைத் திறந்து, பயிற்சி பெற்றவர்கள் முகர்ந்து பார்க்கிறார்கள். வாடை தெரிந்தால், வாடையே இல்லாத நீரைக் கலந்து மீண்டும் முகர்கிறார்கள். எத்தனை மடங்கு நீர்த்த பிறகு வாடை மறைகிறது என்பதே அந்த எண். விலையுயர்ந்த கருவிகள் எத்தனை வந்தாலும், இந்த வேலைக்கு இன்றும் மனித மூக்கையே நம்புகிறார்கள். வாடை முற்றிலும் நீங்கியதாகச் சோதனைகள் தொடர்ந்து காட்டிய பிறகுதான் நிலையம் திறக்கப்படும். ஆற்றங்கரையில் வாடை போய்விட்டதாக யாரோ காணொளி வெளியிட்டதை நம்பிச் சேமித்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்.

அறிவிப்பு வந்தவுடன்

நிலையம் மூடப்பட்டாலும் உங்கள் குழாய் உடனே நிற்பதில்லை. குன்றுகளின் மேலுள்ள சேமிப்புத் தொட்டிகளிலும் குழாய்களிலும் இருக்கும் நீர், ஏற்கெனவே சுத்திகரிக்கப்பட்ட நல்ல நீர், சில மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரம்தான் நீங்கள் பிடித்து வைப்பதற்கானது. ஆயர் சிலாங்கூரின் செயலியிலும் அதன் அதிகாரப்பூர்வ சமூக ஊடகப் பக்கங்களிலும் பாதிக்கப்படும் இடங்களின் பட்டியல் வரும். மாவட்டப் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், உங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) அல்லது அடுக்குமாடியின் பெயர் வரை தேடுங்கள்.

எவ்வளவு பிடிப்பது என்பதில் பலர் திணறுகிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு லிட்டர் வீதம் நான்கு நாளுக்கு மூடியுள்ள சுத்தமான பாத்திரங்களில் எடுத்து வையுங்கள். பொங்கலுக்கு வாங்கிய எவர்சில்வர் அண்டா இதற்குப் பொருத்தமாக இருக்கும். கழிவறைக்கும் துவைப்பதற்கும் தனியாக ஒரு நீலத் தோம்பு. ரசாயனமோ பெயிண்டோ வந்த பழைய தோம்பை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். எதைப் பிடித்து வைத்தாலும் மூடி வையுங்கள். திறந்த வாளியில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் பெருகிவிடும், சுகாதாரத் துறையினர் சோதனைக்கு வந்தால் அபராதமும் கட்ட வேண்டியிருக்கும்.

அடுக்குமாடிக்காரர்களின் நிலை வேறு. கீழ்த்தளத் தொட்டியிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு நீரை ஏற்றி அங்கிருந்து வீடுகளுக்கு விடுவதால், வெளியே நீர் நின்ற பிறகும் ஒரு நாள் வரை தாக்குப்பிடிக்கலாம். அனைவரும் ஒரே நேரத்தில் தொட்டிகளையும் வாளிகளையும் நிரப்பினால் அதே தொட்டி ஓரிரு மணியில் வற்றிவிடும். எனவே நிர்வாகம் நேரம் பிரித்துத் திறந்துவிடுவதை எதிர்த்துச் சண்டை போடாமல், அந்த அட்டவணையை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் சிறுநீரகச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) செய்துகொள்பவர் இருந்தால், ஒரு முறைக்கு நூறு லிட்டருக்கும் மேல் நீர் தேவைப்படும் சிகிச்சை அது என்பதால், மையத்தை அன்றே அழைத்து அடுத்த முறை எங்கே, எப்போது என்று உறுதிசெய்வது முதல் வேலை. தண்ணீர் லோரிகள் மருத்துவமனைகளுக்கும் இத்தகைய மையங்களுக்கும் முன்னுரிமை தருகின்றன.

தெருவோரத் தண்ணீர் இயந்திரத்தைப் பற்றி ஒரு சொல். சில்லறை போட்டு நிரப்பிக்கொள்ளும் அந்த இயந்திரம் பெரும்பாலும் அதே குழாய் நீரைத்தான் வடிகட்டித் தருகிறது. குழாய் நின்றால் அதுவும் நின்றுவிடும். குழாயில் வாடை இருந்தால், அதன் வடிகட்டியின் வயதைப் பொறுத்து, அங்கும் வாடை வரலாம்.

நீர் திரும்பி வரும்போது

திறந்த பின் தாழ்வான, நிலையத்துக்கு அருகிலுள்ள இடங்களுக்கு முதலில் நீர் வரும். மேட்டுப் பகுதிகளும் குழாயின் கடைக்கோடியில் இருப்பவையும் ஓரிரு நாள் பிந்தலாம். முதலில் வருவது பால் போல வெளுத்திருந்தால் அது காற்றுக் குமிழி. குவளையில் பிடித்து வைத்தால் அடியிலிருந்து மேலாகத் தெளிந்துவிடும். பழுப்பாக வந்தால், வெறுங்குழாயில் நீர் பாய்ந்து கிளப்பிவிட்ட துருவும் வண்டலும் அது. தரைவீட்டில் வாசல் பக்கம் மணல் வடிகட்டி வைத்திருப்பவர்கள், தடை தொடங்கும்போதே வடிகட்டிக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு, நீர் வந்ததும் மீட்டரை ஒட்டிய வெளிக்குழாயைத் திறந்து தெளியும்வரை ஓடவிட்ட பிறகு வால்வைத் திறந்தால், வடிகட்டி அடைத்துக்கொள்ளாது. அந்தப் பழுப்பு நீரைக் கொட்ட வேண்டாம், கழிவறைக்குப் பயன்படும்.

குழாய் நீரிலேயே வாடை அடித்தால்

இது அரிது, ஆனால் வந்தால் விரைந்து செயல்பட வேண்டும். குளோரின் வாடை சற்றுத் தூக்கலாக இருப்பது தடைக்குப் பின் இயல்பு. மண்ணெண்ணெய், தின்னர், அழுகிய முட்டை போன்ற வாடை இயல்பன்று. ருசித்துப் பார்த்து உறுதிசெய்ய முயலாதீர்கள். பக்கத்து வீட்டிலும் அதே வாடையா என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் மட்டும்தான் என்றால் தொட்டியையோ வடிகட்டியையோ முதலில் சந்தேகிக்கலாம். உங்கள் தெருவில் அண்மையில் பெட்ரோலோ டீசலோ சிந்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பிளாஸ்டிக் குழாய்ச் சுவரை ஊடுருவி எண்ணெயின் கூறுகள் உள்ளே போக முடியும் என்பதால், தொலைவிலுள்ள பெரிய கசிவைவிட வாசலில் நடந்த சிறிய கசிவு சில நேரங்களில் அதிகத் தொல்லை தரும்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. கிருமிக்கு அது முழு உண்மை. உலோகமோ நைட்ரேட்டோ கலந்த நீரைக் கொதிக்க வைத்தால் நீர் வற்றி அவற்றின் செறிவுதான் கூடும். கரைப்பான் கலந்த நீராக இருந்தால் அது ஆவியாகி, மூடிய சமையலறையில் நாம் மூச்சில் இழுப்பதாகிவிடும். அதே காரணத்தால் சுடுநீர்க் குளியலையும் தள்ளிப்போடுங்கள். குழந்தைக்குப் பால் மாவு கலக்கக் கடைப் போத்தல் நீரையே பயன்படுத்துங்கள். வீட்டு வடிகட்டிகளில் மணல் வகை வண்டலை மட்டும் பிடிக்கும், புற ஊதா விளக்கு கிருமியை மட்டும் கொல்லும், கரி வகை கரிமப் பொருள்களை ஒரு வரம்புவரை ஈர்க்கும், எதிர் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) வகை உப்பையும் உலோகத்தையும் பெருமளவு குறைக்கும். எதுவும் கசிவு நேரத்துக்கான உத்தரவாதம் ஆகாது.

புகார் செய்யுமுன் ஒரு சுத்தமான கண்ணாடிப் போத்தலில், மேலே காற்றிடமே இல்லாமல் விளிம்புவரை நீரைப் பிடித்து இறுக மூடிக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். காற்றிடம் இருந்தால் ஆவியாகும் பொருள் அங்கே ஏறிவிடும், சோதனையில் அகப்படாது. பிடித்த நேரம், எந்தக் குழாய், வாடை எதைப் போல என்று எழுதி ஒட்டிவிட்டு 15300க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தி, தலைசுற்றல், தோல் எரிச்சல் இருந்தால் கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் குறிப்பையும் காட்டுங்கள்.

குழாயில் எதுவும் இல்லாமல், ஆற்றிலோ சாக்கடையிலோ யாரோ கொட்டுவதை நீங்களே பார்த்தால், அழைக்க வேண்டியது சுற்றுச்சூழல் துறையை. கட்டணமில்லா எண் 1-800-88-2727. சிலாங்கூரில் ஆறுகளின் நிர்வாகம் லுவாஸ் எனப்படும் மாநில நீர் வாரியத்திடம் இருப்பதால் அவர்களுக்கும் சொல்லலாம். லோரியின் பதிவு எண்ணும் நேரமும், நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் காட்டும் ஒரு படமும் இருந்தால் போதும். கிட்டே போய் முகர்ந்து பார்க்கவோ, கொட்டுபவரைத் தடுத்து நிறுத்தவோ வேண்டாம். நடு இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழையுங்கள், ஏனெனில் நீர் எடுக்கும் இடத்தை அந்தக் கழிவு எட்டுமுன் மதகை அடைப்பதற்கு இருக்கும் அவகாசம் அந்தச் சில மணி நேரம்தான்.